விளக்கும் குடமும்: 1982 டிசெம்பர் வாக்கெடுப்புப் பற்றிச் சில குறிப்புகள்

அரசியல்வாதி என்றால் பொய்யன். பத்திரிகை என்றால் விலைபோனது. தேர்தல் என்றால் கூத்து. புகலிடத்தில் நாம் கூடிப் பேசும் இடங்களில் பெரும்பாலான உரையாடல்கள் இந்த மூன்று தீர்ப்புகளில் தொடங்கி, சுற்றிவந்து, அவற்றிலேயே போய் முடிகின்றன. இச்சஞ்சிகையின் விவாதப் பக்கங்களிலும் அண்மைக்காலமாக இதே தொனி ஓங்கியிருக்கிறது. இந்த அவநம்பிக்கை காரணமற்றது என்று வாதிட நான் முன்வரவில்லை. எங்கள் தலைமுறைக்கு நம்புவதற்கென்று எவரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் அவநம்பிக்கை தன்னளவிலேயே ஓர் அரசியல் விழிப்பு என்று கருதிக்கொள்கிறோமே, அந்த எண்ணத்தையே கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன். 'எல்லாரும் கள்ளர்' என்று சொல்பவனை எவராலும் ஏமாற்ற முடியாது என்று நினைக்கிறோம். ஏமாறாத மக்களை வைத்துக்கொண்டே ஓர் அரசு தான் விரும்பியதைச் சாதித்த சந்தர்ப்பம் ஒன்று எமது வாழ்நாளிலேயே நிகழ்ந்தது. 1982 டிசெம்பர் 22ஆந் திகதி இலங்கையில் நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பையே குறிப்பிடுகிறேன்.

இத்திகதி எமது வரலாற்று அட்டவணைகளில் அநேகமாக இடம்பெறுவதில்லை. 1956, 1958, 1972, 1974, 1977, 1981, 1983 என்று விரல் மடித்துச் சொல்லப் பழகியிருக்கிறோம். இயக்கங்களின் பிரசுரங்களிலும், புகலிடத்தில் ஆண்டுதோறும் வாசிக்கப்படும் நினைவுரைகளிலும் 1981இல் நூலகம் எரிகிறது. அடுத்த வரியில் 1983 ஜுலை வந்துவிடுகிறது. இடையில் கிடந்த ஆண்டில் யாழ்ப்பாண மக்கள் செய்த ஒரு காரியம் விடுபட்டுப்போகிறது. அது ஏன் விடுபட்டது என்ற கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லவேண்டும். 1977 ஜுலைப் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்குகள் 50.9 வீதம். தொகுதிவாரி முறையின் தயவால் அதற்குக் கிடைத்த ஆசனங்களோ 168இல் 140. வாக்களித்தோரில் பாதிப்பேரின் ஆதரவுக்குப் பாராளுமன்றத்தின் ஆறில் ஐந்து பங்கு கிடைத்தது. இந்தப் பலத்தைக் கொண்டே ஜே.ஆர். ஜயவர்த்தன நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஏற்படுத்தினார். 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். 1980 ஒக்ரோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகளை ஏழாண்டுகளுக்குப் பறித்தார். ஆனால் அதே அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் கொண்டுவந்திருந்தது. அடுத்த பொதுத்தேர்தல் அம்முறையில் நடந்தால் வெற்றி கிடைக்கலாம். ஆறில் ஐந்து பங்கு ஒருபோதும் கிடைக்காது. இதைக் கணக்குப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

1982 ஒக்ரோபர் 20இல் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் ஜயவர்த்தன 52.91 வீத வாக்குகளைப் பெற்றார். பிரதான போட்டியாளரான சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 39.07 வீதம். வாக்களிப்பு முடிந்த கையோடு அவசரகால நிலை பிரகடனமாகியது. ஒரு வாரம் கழிவதற்குள் பொதுத்தேர்தல் நடவாது, இருக்கின்ற பாராளுமன்றமே மேலும் ஆறாண்டுகள் நீடிக்கும் என்ற முடிவு வெளியாயிற்று. சொல்லப்பட்ட காரணம் விசித்திரமானது. சுதந்திரக் கட்சிக்குள் ஒரு 'நக்சலைட்' கும்பல் புகுந்துவிட்டதாம். அது ஜனாதிபதியையும் அமைச்சர்கள் சிலரையும் கொலைசெய்யச் சதி செய்ததாம். தேர்தல் வைத்தால் அவர்கள் பாராளுமன்றத்துக்குள் வந்துவிடுவார்களாம். நடிகரும் அக்கட்சிப் பிரமுகருமான விஜய குமாரதுங்க உட்படப் பலர் தடுத்துவைக்கப்பட்டனர். அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. மறுபுறத்தில், ஐ.தே.க. பாராளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி ஜனாதிபதி தம்மிடம் வைத்துக்கொண்டார். மக்களின் பிரதிநிதிகள் எனப்பட்டவர்கள் அன்றிலிருந்து அவரது மேசை லாச்சிக்குள் இருந்தார்கள் எனலாம்.

அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஏழு நீதியரசர்களில் நால்வர் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் மக்கள் தீர்ப்பும் இருந்தால் போதும் என்றனர், மூவர் மாறுபட்டனர். நவெம்பர் 4இல் பாராளுமன்றம் 142க்கு 4 என்ற வாக்குகளால் அதை நிறைவேற்றியது. டிசெம்பர் 22இல் மக்கள் முன் வைக்கப்பட்டது. நீடிக்க 'ஆம்' என்பவர்களுக்குச் சின்னம் விளக்கு. 'இல்லை' என்பவர்களுக்குக் குடம். கோவிலிலும் விகாரையிலும் வீட்டிலும் விளக்கேற்றிப் பழகிய மக்களிடம் எதைக் கொடுத்தால் எது வெல்லும் என்று தெரிந்தே செய்தார்கள் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டோம். இன்று யோசிக்கையில் அந்தத் தந்திரம் மிகச் சிறியதாகவே படுகிறது. பெரியவை வேறு இருந்தன.

இவ்விடத்தில்தான் பத்திரிகைகளின் கதை குறுக்கிடுகிறது. அதை 1982இல் தொடங்க முடியாது. டி.ஆர். விஜேவர்த்தன 1918இல் 'சிலோன் டெய்லி நியூஸ்' ஏட்டைத் தொடங்கினார். சிங்களத்தில் 'தினமின', 1932இலிருந்து தமிழில் 'தினகரன்' என்று அவரது லேக் ஹவுஸ் நிறுவனம் மூன்று மொழிகளிலும் பரந்தது. ஜே.ஆர். ஜயவர்த்தனவுக்கு அவர் தாய்மாமன். நிறுவனத்தின் அனுதாபம் எந்தக் கட்சியின் பக்கம் இருந்தது என்பதை மேலும் விளக்கவேண்டியதில்லை. இடதுசாரிகளும் பண்டாரநாயக்காவும் அதைத் தம் பரம எதிரியாகவே கருதினர். அவர்களது கோபம் நியாயமானது.

ஆயினும் ஒரு விடயத்தை நாம் போதியளவு கவனிப்பதில்லை. 1956இல் தலைநகரின் வலிமை மிக்க நாளேடுகள் கொத்தலாவலையின் பக்கம் நின்றன. முடிவு என்ன? ஐ.தே.க.வுக்கு 95இல் 8 ஆசனங்கள். 1970இலும் லேக் ஹவுஸ் ஐ.தே.க.வுக்காகப் பாடுபட்டது, கிடைத்தவை 151இல் 17. கிராமத்து ஆசிரியரும் பிக்குவும் சுதேச வைத்தியரும் வாயால் கொண்டுபோன செய்தியை அச்சு இயந்திரங்களால் வெல்ல முடியவில்லை. (அந்த 1956 செய்தி எங்களுக்கு என்ன செய்தது என்பது வேறு விடயம்.) பக்கச்சார்பான பத்திரிகைக்கு வாசகனை நம்பவைக்கவேண்டிய தேவை இருக்கிறது. அதில் அது அடிக்கடி தோற்றுப்போகிறது.

லேக் ஹவுஸைக் கையகப்படுத்தும் முதல் முயற்சி 1964இல் நடந்தது. அதையொட்டி எழுந்த நெருக்கடியில் சி.பி. டி சில்வாவும் பதின்மூவரும் கட்சி மாற, டிசெம்பர் 3இல் சிறிமாவோ அரசு ஒரே ஒரு வாக்கால் கவிழ்ந்தது. ஐக்கிய முன்னணி அரசு 1973இல் அதே வேலையைச் செய்து முடித்தது. அவ்வாண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நிறுவனத்தின் 75 வீதப் பங்குகளை எடுத்துப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. நோக்கம் ஏகபோகத்தை உடைத்து உடைமையை மக்களிடையே பரவலாக்குவது என்று சொல்லப்பட்டது. நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இச்சட்டத்தை முதலாளித்துவ ஏகபோகத்துக்கு எதிரான முற்போக்கு நடவடிக்கை என்றே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பங்குகள் எந்த மக்களிடம் எப்போது போய்ச் சேர்ந்தன என்று ஒரு மாணவன்கூடக் கேட்கவில்லை; நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவை எங்கும் போகவில்லை. சட்டம் வந்த மறு ஆண்டு, 1974 ஏப்ரலில், தவச நிறுவனத்தின் அச்சகத்துக்கு அவசரகாலச் சட்டத்தின்கீழ் சீல் வைக்கப்பட்டது. சிங்கள, ஆங்கில ஏடுகளோடு எங்கள் 'தினபதி'யும் 'சிந்தாமணி'யும் 1977 வரை ஏறக்குறைய மூன்றாண்டுகள் மௌனமாயின.

எதிர்க்கட்சித் தலைவராக இருந்து 1973 சட்டத்தைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் பெயரால் எதிர்த்தவர் ஜே.ஆர். ஜயவர்த்தன. 1977இல் ஆட்சிக்கு வந்தார். தாய்மாமனின் நிறுவனத்தைத் திருப்பிக் கொடுத்தாரா? இல்லை. பரவலாக்கினாரா? அதுவும் இல்லை. எதிரி செய்து தந்த ஆயுதம் கைக்கு அடக்கமாக இருந்தது, வைத்துக்கொண்டார். 1979இல் புதிதாகத் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சியையும் அரசு எடுத்துக்கொண்டது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. 1978இல் 'ஒப்சேவர்' பத்திரிகையில் வெளிவிவகார அமைச்சரின் படத்துக்கு வேறொரு படக்குறிப்பு மாறிப் பிரசுரமாகிவிட்டது என்பதற்காகப் பாராளுமன்றமே நீதிமன்றமாகிப் பத்திரிகையாளர் இருவருக்கு அபராதம் விதித்தது. அதுவும் அரசின் பிடியில் இருந்த பத்திரிகைதான். சொந்த வீட்டுப் பிள்ளைக்கே இந்த அடி என்றால் அயல்வீட்டுப் பிள்ளைகள் எப்படி அடங்கியிருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தை அதன்பின் வந்த எந்த அரசும் கைவிடவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது எல்லோரும் அதைக் கண்டித்தார்கள்.

இந்த ஏற்பாட்டுடன்தான் 1982 டிசெம்பர் வந்தது. விளக்குக்கு அரச பத்திரிகைகளும் வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. குடத்தின் குரலாகத் தெற்கில் ஒலித்த முக்கிய நாளேடு கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த'. சிங்களத்தில் அச்சொல்லுக்கு உண்மை என்று பொருள். அவசரகாலச் சட்டத்தின்கீழ் அதன் அச்சகம் மூடப்பட்டது. 'பவிடி ஹண்ட', அதாவது துறவிகளின் குரல், என்ற அமைப்பு வாக்கெடுப்புக்கு எதிராக அச்சடித்த ஏறத்தாழ 20,000 துண்டுப்பிரசுரங்களைக் கம்பஹாவில் பொலிஸ் அதிகாரி ஒருவர் பறிமுதல் செய்தார். அமைப்பின் செயலாளரான பிக்கு உயர் நீதிமன்றம் சென்றார். 1983 பெப்ரவரியில் நீதிமன்றம் அவரது பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்த்து 10,000 ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. அமைச்சரவை அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு அளித்தது. நட்டஈட்டையும் அரசே கட்டியது. தீர்ப்பு வந்தபோது வாக்கெடுப்பு முடிந்து மாதம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. தேர்தல் ஆணையாளரின் அறிக்கையோ 1987இல்தான் வெளிவந்தது. விளக்குச் சின்னம் சட்டத்துக்கு மாறாக எங்கும் காட்சிக்கு வைக்கப்பட்டமை, வாக்குச்சாவடி முகவர்கள் விரட்டப்பட்டமை போன்றவற்றை அது பதிவுசெய்தது. ஐந்தாண்டு கழித்து அதை வாசித்து எவருக்கும் ஆகவேண்டியது எதுவுமில்லை.

இப்போது எண்களைப் பார்ப்போம். அலுப்பாக இருந்தாலும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லவந்தது இந்த எண்களில்தான் இருக்கிறது. ஒக்ரோபரில் ஜயவர்த்தனவுக்கு விழுந்த வாக்குகள் 34,50,811. டிசெம்பரில் விளக்குக்கு விழுந்தவை 31,41,223. இரண்டு மாதத்தில் மூன்று இலட்சம் வாக்குகளை அரசு இழந்திருக்கிறது. ஆனால் அதன் வீதம் 52.91இலிருந்து 54.66ஆக உயர்ந்தது! காரணம் மிக எளிது. ஒக்ரோபரில் அவருக்கு எதிரான வேட்பாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து விழுந்தவை 30 இலட்சத்து 71 ஆயிரம். டிசெம்பரில் குடத்துக்கு விழுந்தவை 26,05,983. எதிர்ப்பக்கம் நாலரை இலட்சத்துக்கு மேல் இழந்தது. வாக்களித்தோர் 81 வீதத்திலிருந்து 71 வீதத்துக்கு இறங்கினர்.

இதில் கள்ள வாக்குகள் எவ்வளவு என்பதைக் கழித்துப் பார்க்க வழியில்லை. அதை விட்டுவிட்டு, தரப்பட்ட எண்களையே அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்று தெளிவு. நக்சலைட் கதையை நம்பிப் புதிதாக அரசின் பக்கம் வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் அங்கே தென்படவில்லை. இருந்தவர்களே குறைந்தார்கள். அத்தனை பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் மக்களை நம்பவைப்பதில் தோற்றன. 1956இலும் 1970இலும் தோற்றது போலவே. ஆனால் இம்முறை நம்பவைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எதிர்ப்பவனின் பத்திரிகையை மூடி, பிரசுரத்தைப் பறித்து, பேச்சாளனை உள்ளே போட்டு, வாக்குச்சாவடியில் நிற்பதற்குப் பயத்தையும் உண்டாக்கிவிட்டால், மீதியை 'எவன் வந்தால் என்ன' என்ற மனநிலை பார்த்துக்கொள்ளும். 1970-77 காலத்துப் பாண் வரிசைகளை மறக்காத தென்னிலங்கை மனிதர்கள் இரு பக்கத்தையும் நம்பவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டில் இருந்துகொண்டார்கள். வீட்டில் இருந்தவர்களின் அவநம்பிக்கை எந்தப் பெட்டியிலும் விழவில்லை. விளக்கின் வீதத்தைத்தான் உயர்த்தியது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஊர் வாசிகசாலையில் பின்னேரங்களில் பத்திரிகையை உரத்து வாசிக்கும் பொறுப்பு என்னைப் போன்ற பள்ளிக்கூடப் பொடியன்களிடம் இருந்தது. கேட்பவர்களில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். கொழும்புப் பத்திரிகையைக் கையில் எடுத்தால், "தம்பி, உதைப் பின்பக்கத்திலை இருந்து வாசி. மரண அறிவித்தலிலை மட்டும்தான் இவங்கள் பொய் எழுதுறேல்லை" என்பார். சிரித்துவிட்டு நாங்களும் அப்படியே வாசிப்போம். முந்திய ஆண்டு ஜுன் தொடக்கத்தில் நூலகம் எரிந்த நாட்களில் 'ஈழநாடு' பணிமனையும் எரிக்கப்பட்டிருந்தது. மாவட்ட சபைத் தேர்தலுக்கு முந்திய நாட்கள் அவை. அமைச்சர்கள் இருவர் ஊரில் தங்கியிருக்கப் பொலிசார் நகரை எரித்தார்கள். ஜுன் 4இல் வாக்களிப்பு நடந்தது. வாக்குப்பெட்டிகளில் சில காணாமற் போயின. அரசியலில் நம்பிக்கை இழப்பதற்கு எங்களைவிட அதிக காரணம் உள்ளவர்கள் அன்று அத்தீவில் இருந்திருக்க முடியாது.

எமது தலைவர்கள்மீதும் நம்பிக்கை இருக்கவில்லை. 1977இல் தமிழீழத்துக்கு ஆணை கேட்டு 18 ஆசனங்களை வென்ற கூட்டணி எதிர்க்கட்சித் தலைவர் பதவியில் அமர்ந்தது. 1980இல் மாவட்ட அபிவிருத்தி சபைகளை ஏற்றது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளரை நிறுத்தாமல் விட்டது. குமார் பொன்னம்பலம் நின்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர் முதலிடம். இரண்டாமிடம், பலரும் எதிர்பாராதவிதமாக, கொப்பேகடுவ. சிறிமாவோ காலத்து இறக்குமதித் தடையில் மிளகாயும் வெங்காயமும் விற்று வீடு கட்டியவர்கள் அதை மறக்கவில்லை. ஜயவர்த்தன மூன்றாமிடத்துக்குப் போனார். மாவட்டத்தில் வாக்களித்தோர் பாதிக்கும் குறைவு.

ஆனால் டிசெம்பரில் நடந்தது வேறு. தீவு முழுவதிலும் வாக்களிப்பு வீழ்ந்தபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் அது ஒக்ரோபரைவிட உயர்ந்தது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடத்துக்கு வாக்களித்தனர். விழுந்த வாக்குகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அது. கூட்டணியும் எதிர்க்கும்படி கேட்டிருந்தது என்பது உண்மையே. ஆயினும் கூட்டணியின் சொல்லுக்காக மட்டும் அவ்வளவு பேர் வந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. எமது தபாலதிபர் அன்று வேட்டியைத் தோய்த்துக் கட்டிக்கொண்டு போனார். தோற்கும் என்று தெரிந்தும் ஏன் போகிறீர்கள் என்று எவரோ கேட்டதற்கு, "தோக்கட்டும். எண்டாலும் எண்ணேக்கை நாங்களும் நிக்கவேணும்" என்று சொன்னது நினைவிருக்கிறது. எதையும் நம்பாத மனிதர்தான் அவர்.

தமிழர் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தொண்டமான் 1978இலிருந்து அமைச்சராக இருந்தார். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அரசோடு நின்றது. மலையக மக்களின் கணக்கு வேறு, அச்சமும் வேறு. அதைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் எழுதவேண்டும்.

நான் மேலே ஒத்திவைத்த கேள்வி இப்போது வருகிறது. இந்த 'இல்லை' எமது நினைவிலிருந்து ஏன் விடுபட்டது? குடத்துக்கு விழுந்த 26 இலட்சம் வாக்குகளில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. மீதி 23 இலட்சம் வெளியே விழுந்தவை. அவற்றில் மிகப் பெரும்பான்மை சிங்கள மக்களுடையவை. தெற்கிலும் பல தொகுதிகளில் குடமே வென்றது. அத்தொகுதிகளில் தமது உறுப்பினர்களைப் பதவி விலகச்செய்து 1983 மே 18இல் ஜயவர்த்தன 18 இடைத்தேர்தல்களை நடத்தவேண்டி வந்தது. அவசரகாலச் சட்டத்துக்கும் அடியாட்களுக்கும் நடுவில் மாத்தறையிலோ காலியிலோ ஒரு சிங்களக் கமக்காரன் போட்ட புள்ளடியும் எமது தபாலதிபர் போட்ட புள்ளடியும் ஒரே சின்னத்துக்கு நேரே விழுந்தன. பின்னர் எழுதப்பட்ட இரு தேசங்களின் வரலாறுகளில் இந்த உண்மைக்கு இடமில்லை. சிங்களத் தேசியவாதிக்கும் தேவையில்லை, எங்களவர்களுக்கும் தேவைப்படவில்லை. அரச பத்திரிகை 'அத்த'வுக்குச் செய்ததை நாங்கள் எமது நினைவின் ஒரு பக்கத்துக்குச் செய்திருக்கிறோம். இதைச் செய்யும்படி எந்த அமைச்சரும் எமக்குக் கட்டளையிடவில்லை.

விளக்கு வென்றதன் விளைவு எமக்கு எவ்வளவு நேரடியானது என்பதையும் நாம் பேசுவதில்லை. அப்பாராளுமன்றத்தின் இயல்பான ஆயுள் 1983 ஆகஸ்ட் 4இல் முடிந்திருக்கும். ஜுலை இனக்கொலையின் சாம்பல் ஆறாத அதே ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான், ஆயுள் நீட்டப்பட்ட அந்தப் பாராளுமன்றம் ஆறாவது திருத்தத்தை எடுத்துக்கொண்டது. பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1977 ஜுலைக்குப் பின் 1989 பெப்ரவரி வரை இலங்கையில் பொதுத்தேர்தல் நடக்கவில்லை. எத்தனை பெரிய காரியங்கள் இந்தப் பதினொன்றரை ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தன என்பது வாசகர்களுக்குத் தெரியும். டிசெம்பரில் குடம் வென்றிருந்தால் ஜுலை நடந்திராது என்று நான் சொல்லமாட்டேன். வரலாற்றில் அப்படிக் கணக்குப் போட முடியாது. ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் அந்த 140 பேரும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

எமது பக்கத்தில் அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கசப்பானது. 1983 மே 18இல் யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல். பகிஷ்கரிக்கும்படி இயக்கம் கட்டளையிட்டது. ஏப்ரல் இறுதியில் ஐ.தே.க.வைச் சேர்ந்த தமிழர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஐந்து மாதத்துக்கு முன் வரிசையில் நின்ற மக்களில் மிகச் சிலரே வாக்களிக்கப் போனார்கள். எமது தபாலதிபர் படலையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார். அதில் எவ்வளவு வெறுப்பு, எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று எவரால் பிரித்துச் சொல்ல முடியும்? அவசரகாலச் சட்டத்தின்கீழ் விழுந்த விளக்கு வாக்குகளை மக்களின் விருப்பம் என்று ஏற்க மறுக்கும் நாம், துப்பாக்கியின்கீழ் நடந்த பகிஷ்கரிப்பை மட்டும் மக்களின் தீர்ப்பு என்று எழுதி வந்திருக்கிறோம். அதே ஆண்டு ஜுலை தொடக்கத்தில் அரசு 'சட்டர்டே ரிவியூ'வுக்கும் 'சுதந்திர'னுக்கும் சீல் வைத்தது. பின்னர் எங்கள் ஆட்களும் பத்திரிகைகளை எப்படி அடக்குவது என்று நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 1994 மே 1இல் பாரிசில் சபாலிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சில சிறு சஞ்சிகைகளைத் தவிர, புகலிடத்தில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

2005 நவெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 வீதம். மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை 1,80,786 வாக்குகளால் வென்றார். 'இரண்டும் ஒன்றுதான்' என்ற வாசகத்தை அந்த நாட்களில் தொலைபேசியில் நானும் சொல்லியிருக்கிறேன். பாதுகாப்பான தூரத்திலிருந்துதான் சொன்னேன். ரணில் வந்திருந்தால் நன்மை விளைந்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. தீர்மானிக்கும் வாய்ப்பு எவரிடம் இருந்தது, அதை எவர் எடுத்துக்கொண்டார் என்பதே என் கேள்வி.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அடுத்த இயந்திரத்தில் நிற்கும் எம்மவர் ஒருவர் இந்நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்து இருபது ஆண்டுகளாகின்றன. ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. கேட்டால், "எல்லாம் ஒண்டுதான் மாஸ்ரர்" என்பார். இந்நாட்டுப் பத்திரிகைகளையும் நம்பமாட்டார். தொலைக்காட்சிச் செய்தியையும் நம்பமாட்டார். ஆனால் இடைவேளையில் கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய ஒரு செய்தியைக் காட்டி, எழுதியவர் யார் என்ற கேள்வியே இல்லாமல், அதைப் பற்றி அரை மணித்தியாலம் ஆவேசமாகப் பேசுவார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான்கு இயக்கங்களின் பிரசுரங்களையும் இரு அரசுகளின் வாக்குறுதிகளையும் கேட்டு வளர்ந்தவர். இருந்தும், இந்நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு எதிராக வாக்குக் கேட்கும் கட்சிகள் ஒவ்வொரு தேர்தலிலும் அவரது அந்த ஒரு வாக்கு விழாமலிருப்பதையும் சேர்த்தே கணக்கிடுகின்றன.

இக்கட்டுரைக்காகத் தேடியபோது 1982 டிசெம்பர் 23 முதல் அம்மாத இறுதிவரை யாழ்ப்பாணத்தில் வெளியான பத்திரிகைகளின் முழுத் தொகுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அந்நாட்களின் 'ஈழநாடு', 'சட்டர்டே ரிவியூ' இதழ்களோ, குடத்துக்கு வாக்குக் கேட்டு அச்சடித்த துண்டுப்பிரசுரமோ நண்பர்கள் எவரிடமாவது இருந்தால் பிரதி எடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். தேர்தல் கடமையில் ஈடுபட்ட ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் எம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அன்று தமது சாவடியில் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தது என்பதையாவது அவர்கள் எழுதலாம்.